அறுபத்தொன்றாம் வரைபடம்

பனி விழும் குளிர்காலத்தைவிடப் பனி விழாத குளிர்காலமே பாரிஸ் நகரத்துக்குக் கொடியது. வெண்மையின் ஆறுதலும் இல்லாமல் வானமும் கல்லும் ஆறும் ஒரே ஈயநிறத்தில் கலந்துவிடும். போர் முடிந்து பத்தாவது குளிர்காலமாகிய அவ்வாண்டு சனவரியில் மழை ஓயவேயில்லை. சேன் ஆறு படித்துறைகளை விழுங்கியது. கரையோர மரங்களின் இடுப்பளவு ஏறியது. பாலங்களின் வளைவுக்கடியில் நெடிய பெருமூச்சுப்போல முனகிக்கொண்டு சென்றது. கோயில் மணிகளின் ஓசையும் நனைந்தே வந்தது. விளக்கேற்றும் வேளைக்கும் விளக்கணைக்கும் வேளைக்கும் இடையே பகல் என்று ஒன்று வந்துபோனதா என்பதே ஐயமாயிருந்தது.

இத்தகைய பருவத்தில்தான் நாங்கள் வசந்தத்தைத் தைப்போம். ஊரார் கம்பளிக்குள் ஒடுங்கியிருக்கையில் எங்கள் மடிமீது ஏப்ரல் மாதம் விரிந்து கிடக்கும். அவர்கள் ஆகஸ்டு வெயிலுக்குக் கடற்கரை தேடிப் போகையில் நாங்கள் ரோமக் கழுத்துப்பட்டிக்கு விளிம்பு கட்டுவோம். அவ்வாண்டு என் தையற்கூடம் வழக்கம்போல வசந்தத்துக்கு ஓடிவிட்டது. என் விரல்கள் மட்டும் குளிரில் வெடித்து மரத்துப் பின்தங்கின. கண்களும் பின்தங்கின. விரல்களைப் பற்றி எல்லாரிடமும் முறையிட்டேன். கண்களைப் பற்றி எவரிடமும் சொல்லவில்லை.

மிசியே பெலிசியன் வர்தெல்லின் உடையில்லத்தில் கோட்டுகள் தைக்கும் கூடத்துக்கு நான் தலைவி. முப்பத்திரண்டு பெண்கள் என் சொல்லுக்கு ஊசி எடுத்து என் சொல்லுக்கு ஊசி வைத்தார்கள். கணவரைப் போரின் முதலாண்டிலேயே கொடுத்தேன், பிள்ளை இல்லை. என் மேசைமீது இருந்த சாய்ந்த விளக்கும், அலமாரி உச்சியில் நின்ற, தையற்பெண்களின் காவலியான புனித கத்தரீனம்மாளின் சுண்ணாம்புச் சிலையும், ஊசி குத்தாமலிருக்க என் நடுவிரலில் அணிந்த வெள்ளி விரல்பூணும்தான் எனக்கு வீடு.

மிசியே வரைபடங்களைப் பகிர்ந்தளிக்கும் நாள் எங்களுக்குத் திருநாள். அறுபது தாள்களைத் தரைவிரிப்பின்மீது பரப்பி, அவரவர் கூடத்துக்கு உரியதை எடுத்துக்கொள்ளச் சொல்வார். அறுபத்தொன்றாவதை மட்டும் என் கையிலேயே தந்தார். அந்த ஒன்றை, நள்ளிரவுக் காய்ச்சலில் கைக்கு அகப்பட்ட, ஒளி ஊடுருவும் மெல்லிய ஒளித்தாளில் வரைந்திருந்தார். மொத்தம் ஒன்பது கோடுகள். முகம் இல்லை, கைகள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கீற்றுகள். ஒரு நீண்ட மேலங்கி, அதன் கீழே குறுகிய பாவாடை. ஒரு தோள் மட்டும் மற்றதைவிட விரலளவு உயர்ந்திருந்தது. யாரோ பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள், அவள் திரும்புவதா வேண்டாமா என்று எண்ணுகிறாள் — அந்த நொடி அத்தோளில் இருந்தது. ஓரத்தில் பாதாம்பருப்பு நிறச் சாட்டின் பட்டின் துண்டு ஒன்று குண்டூசியில் செருகப்பட்டிருந்தது.

"மத்ததெல்லாம் துணி, மதாம் எர்மான்ஸ்," என்றார். "இது ஒரு ஆளு. பாத்துக்கோங்க."

சென்ற இரண்டு பருவமும் எங்கள் உடைகளைப் பத்திரிகைகள் பாராட்டவில்லை. கடைசியாக வெளிவரும் இந்த உடை கைவிட்டால் இல்லத்தின் கதவே மூடப்படும் என்று கீழ்த்தளத்துச் சமையற்காரி வரைக்கும் பேசிக்கொண்டார்கள். ஆகவே வரைபடங்களுக்குக் காவல் கடுமையாயிற்று. கள்ளப்பிரதி எடுப்பவர்கள் நகரெங்கும் இருந்தார்கள். ஒரு தாள் வெளியே போனால், நாங்கள் காட்டும் முன்பே அந்த உடை கடைத்தெருவில் தொங்கும். நிர்வாகி மதாம் ரூவியேர் நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு எல்லாத் தாள்களையும் வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டுவார்.

புதிய உடைகளைக் காட்டும் அணிவகுப்பு வியாழக்கிழமை. செவ்வாய் மாலை மதாம் ரூவியேர் என் மேசையருகே வந்து நின்றார்.

"அறுபத்தொண்ணு எங்க?"

தேடினேன். பெண்கள் மேசைகளைக் கவிழ்த்தார்கள். கந்தல் கூடைகளைக் கொட்டினார்கள். இஸ்திரி மேசையின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்கள். தாள் இல்லை.

"கடைசியா அது யார் கையில இருந்துச்சு?"

"ரேமொந்த் கையில," என்றேன்.

அது பொய்யன்று. முழு உண்மையும் அன்று. ரேமொந்த் என் கூடத்தில் ஒன்பதாண்டு வேலை பழகியவள். சென்ற நவம்பரில் மணமாகாமல் இருபத்தைந்து வயதைத் தொட்டு, புனித கத்தரீனம்மாள் திருநாளில் எங்கள் வழக்கப்படி பச்சையும் மஞ்சளுமான தொப்பி அணிந்து கூடமெங்கும் ஆடியவள். அத்தொப்பியை நானே தைத்தேன். செவ்வாய்க் காலை அவளிடம்தான், அந்தத் துணித்துண்டைக் கழற்றி உறையிலிட்டுப் பொத்தான் செய்பவரிடம் நிறம் பார்க்க எடுத்துப்போகச் சொல்லியிருந்தேன்.

"துண்டை மட்டும்தான் மதாம் எடுத்தேன்," என்றாள் அவள். "தாளை உங்க மேசை மேலயே வச்சேன். 'இங்க வச்சிருக்கேன்'னு சொன்னேன். நீங்க தலையாட்டினீங்களே."

எனக்கு நினைவில்லை. பார்வை மங்கியதிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகியிருந்தேன்.

"உறையில துண்டு மட்டும் போச்சா, தாளும் சேந்து போச்சா?" என்றார் மதாம் ரூவியேர். "நீ கட்டிக்கப்போறவன் எங்க படம் போடுறான்?"

"தையல் பத்திரிகையில."

"அப்போ சரிதான்."

"அவன் போடுறது சமையல்கட்டு ஏப்ரன் படம், மதாம்! நாலு வருஷமா ஏப்ரன் மட்டும்தான். ஒரு பாக்கெட்டு கூடுதலா வரைஞ்சாலே திட்டு வாங்குறான்."

யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள். ரேமொந்த் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். இரண்டு குளிர்காலமாக நாள்தோறும் காலையில் யாரும் வருமுன் வந்து, பத்து ஊசிகளில் நூல் கோத்து என் ஊசித்திண்டில் வரிசையாகக் குத்தி வைத்தவள் அவள். நான் கேட்டதில்லை, அவள் சொல்லிக்காட்டியதில்லை. 'மதாமுக்குக் கண் தெரியவில்லை. தாளை அவரே எங்கோ வைத்திருப்பார்' என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வெளிய போ," என்றார் மதாம் ரூவியேர். "நாளைக்கு எல்லா இல்லத்துக்கும் உன் பேரை எழுதி அனுப்பிடுவேன். இந்த ஊர்ல இனி நீ ஊசி தொடமுடியாது."

அவள் மேற்சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். குடையை மறந்துவிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை ஒத்திகை. கிஸ்லேன் என்ற நெட்டையான பெண் அறுபத்தொன்றாம் உடையை அணிந்து கூடத்தில் நடந்தாள். அந்தத் தோள், அந்த நொடி, அப்படியே துணியில் எழுந்து நின்றது. மிசியே நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். அவள் என்னருகே வந்து திரும்புகையில் ஓர் ஒலி கேட்டது. உலர்ந்த சருகை எவரோ உள்ளங்கையில் மெல்ல நசுக்குவதுபோல.

"மதாம் எர்மான்ஸ், உள்ள என்னமோ சலசலங்குது," என்றாள் கிஸ்லேன். "எலி ஏதும் குடிவச்சிருக்கீங்களா? வாடகை வாங்குங்க அதுகிட்ட."

"உள்ள வச்ச விறைப்புத் துணி, புது கேன்வாஸ்," என்றேன். "நடந்தா படிஞ்சிடும்."

என் நாவு அதைச் சொல்கையிலேயே என் கைகளுக்கு உண்மை தெரிந்துவிட்டது. வழுக்கும் பட்டைத் தைக்கையில் அடியில் ஒரு மெல்லிய தாளை வைத்துச் சேர்த்துத் தைப்போம்; தைத்து முடிந்ததும் தையலோரமாய்த் தாளைக் கிழித்து எடுத்துவிடுவோம். செவ்வாய்க்கிழமை காலை அங்கியின் முன்மடிப்பை நானே தைத்தேன். வேறெவரிடமும் விட மனம் வரவில்லை. மேசைமேல் கைக்கு எட்டிய தாளை எடுத்து அடியில் செருகினேன். அதில் ஒன்பது கோடுகள் இருந்தனவா? என் கண்ணுக்கு எல்லாத் தாளும் வெறுந்தாளே. பின்பு கிழிக்கையில் அது வழக்கம்போல் எளிதில் வரவில்லை. மரத்த விரல்களால் விளிம்பை மட்டும் பறித்துவிட்டு, எஞ்சியதும் வந்துவிட்டதென்று எண்ணி, உள்துணியை மூடித் தைக்கக் கொடுத்துவிட்டேன். நாள்தோறும் என் பின்னால் வந்து தையல்களைத் தடவிப் பார்த்துத் திருத்தும் ரேமொந்தையோ, பொத்தானுக்கென்று நானே வெளியே அனுப்பியிருந்தேன்.

இதை அறிந்த பின்னும் இரண்டு மணி நேரம் வாய் திறவாமல் இருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தை மறைத்தால் நான் சொல்லும் மற்றதெல்லாம் வீண். சொன்னால் கண் போன செய்தி தெரியும். கண் போன தலைவிக்குக் கூடமில்லை. நாளை அணிவகுப்பு முடியட்டும், பின்பு இரகசியமாய்ப் பிரித்துப் பார்த்து, தாளை எங்காவது கண்டெடுத்ததாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். ஒரு நாள்தானே என்று எண்ணினேன். அலமாரி உச்சியிலிருந்த சிலையைப் பார்க்காமலிருக்க முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன்.

நண்பகலில் வேலையாட்களுக்கான வாசலில் எனக்கொருவர் காத்திருப்பதாகச் சொன்னார்கள். மழையில் ஊறிய ஒல்லியான இளைஞன். விரலிடுக்குகளில் நீல மை.

"நான் ஜில்பேர், மதாம். ரேமொந்த் உள்ள இருக்காளா?"

"இல்லை. நேத்தே போயிட்டாளே."

"வீட்டுக்கு வரலை மதாம். ராத்திரி முழுக்க வரலை. காவல்காரம்மாகிட்ட அறைச் சாவியக் குடுத்துட்டுப் போயிருக்கா. நான் கேட்டா, 'சாவியக் குடுத்தா, போனா'ன்னு மட்டும் சொல்லுது." நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தெருவுல பாத்தவங்க சொல்றாங்க, அழுதுகிட்டே போனாளாம். ஆத்துப் பக்கமா போனாளாம். மதாம், தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா?"

நான் பார்த்திருந்தேன். பாலத்தூணில் நிற்கும் கல்வீரன் சிலைக்கு முழங்கால் தாண்டி நின்றது.

எப்படி மாடியேறினேன் என்று நினைவில்லை. மாடல் பெண்களின் அறையில் கிஸ்லேன் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தாள். கொக்கியில் தொங்கிய அங்கியை எடுத்தேன். "ஐயோ, எங்க கொண்டுபோறீங்க?" என்று அவள் கூவியது பின்னால் கேட்டது. மிசியேயின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். மதாம் ரூவியேரும் அங்கே இருந்தார். மேசைமீது அங்கியைக் கிடத்தி, கத்தரியின் நுனியால் உள்துணியின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தேன். கண் தேவைப்படவில்லை; விரல் போதுமாயிருந்தது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று மதாம் ரூவியேர் எழுந்தார். "நாளைக்கு மூணு மணிக்கு—"

உள்துணி திறந்தது. கேன்வாஸுக்கும் பட்டுக்கும் நடுவே, முன்மடிப்பின் தையலில் ஓரம் சிக்கி, கசங்கிய ஒளித்தாள் ஒன்று கிடந்தது. அதில் ஒரு தோள். விரலளவு உயர்ந்த தோள்.

"நான்தான் வச்சுத் தைச்சேன்," என்றேன். "வெறுந்தாள்னு நினைச்சேன். கோடு என் கண்ணுக்குத் தெரியலை. அந்தப் பொண்ணு எதையும் எடுக்கலை."

மிசியே அத்தாளின்மேல் குனிந்தார். "எத்தனை நாளா, மதாம் எர்மான்ஸ்?"

"ரெண்டு குளிர்காலமா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேற யாருக்காவது இதைக் குடுத்திருப்பீங்க."

அவர் மறுக்கவில்லை. அந்த மறுக்காமை என் இருபத்தாறு ஆண்டுகளுக்கும் முடிவுரையாயிற்று.

"கடுதாசி எல்லாம் காலைத் தபால்லயே போயிடுச்சு," என்றார் மதாம் ரூவியேர். "பதினெட்டு இல்லத்துக்கும்."

"அப்போ பதினெட்டு கடுதாசி திரும்பவும் எழுதுங்க," என்றேன். "குத்தவாளி யாருன்னு பேர் போட்டு எழுதுங்க. எர்மான்ஸ் லெஸ்கோ. கண்ணு தெரியாதவள்னும் எழுதுங்க. எல்லாத்துலயும் நானே கையெழுத்துப் போடுறேன். எங்க போடணும்னு மட்டும் விரலை வச்சுக் காட்டுங்க."

அவர் தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்தார். நான் பதினெட்டு முறை கையெழுத்திட்டேன். கடைசிக் கடிதம் உறைக்குள் போனதும் கோட்டைக்கூட மாட்டாமல் கீழே ஓடினேன்.

ஜில்பேரும் நானும் ஆற்றங்கரை நெடுக நடந்தோம். படித்துறைகளுக்கு இறங்கும் இடங்களில் கயிறு கட்டியிருந்தார்கள். காவலர் ஒருவரிடம் கேட்டோம், அவர் கைவிரித்தார். கிழிந்த கிளைகளும் பீப்பாய்களும் ஒரு நாற்காலியும் பழுப்புநீரில் சுழன்று போயின. நீர்மேல் ஏதேனும் துணி மிதந்தால் அவன் என் முழங்கையைப் பற்றுவான். நானோ அவன் கையையே என் கண்ணாகக் கொண்டு நின்றேன். எனக்கு ஆறும் கரையும் வானமும் ஒன்றே. செபங்களெல்லாம் எனக்கு மனப்பாடம்; ஆயினும் ஒரு வரியும் நாவில் எழவில்லை. 'அவளைக் கொடு, என்னை எடுத்துக்கொள்' என்பது மட்டும் ஓயாமல் உள்ளே அடித்தது. அதுவும் செபமாகாது, பேரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேரம் பேசினேன்.

"காலையிலயே வந்து சொல்லியிருந்தா..." என்றான் ஜில்பேர் ஒருமுறை. என்னைக் குற்றம் சொல்வதற்காக அவன் அதைச் சொல்லவில்லை; அவனுக்கு எதுவும் தெரியாது. அவன் தன்னைத்தான் சொன்னான்.

நான்கு மணிக்குக் கால்கள் ஓய்ந்து இல்லத்துக்குத் திரும்பினோம். வேலையாட்கள் வாசலின் படியில், முழங்கால்வரை சேறு அப்பிய ஒருத்தி நின்று வாயிற்காவலனோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள விடமாட்டேன்னா விடாதீங்க! இந்தக் கடுதாசிய மட்டும் மதாம் ரூவியேர் கையில குடுங்க. படிக்கத் தெரியுமில்ல அவங்களுக்கு?"

ஜில்பேர் அவளைக் கட்டிப்பிடித்த வேகத்தில் இருவரும் சுவரில் மோதினார்கள்.

"விடுடா, எலும்பு நொறுங்குது! என்ன ஆச்சு உனக்கு?"

"சாவியக் குடுத்துட்டு எங்கடி போன?"

"பூனைக்குச் சோறு வைக்கத்தான் குடுத்தேன்! உங்கிட்ட சொல்லச் சொன்னேனே. அந்தக் கிழவி சொல்லலையா? அதுக்குப் பூனையப் பிடிக்காது, அதான்."

அவள் போனது பாரிசுக்கு வெளியே, பொத்தான் பட்டறைகள் நிறைந்த மேரு என்ற ஊருக்கு. பொத்தான் செய்பவர் செவ்வாய் மாலையே கடையைப் பூட்டித் தம் ஊருக்குப் போய்விட்டார். ஆற்றைக் கடந்து நிலையத்துக்கு நடந்து, இரவு வண்டி வெள்ளத்தால் நின்றுவிடக் காத்திருப்போர் அறையில் விடியும்வரை உட்கார்ந்து, முதல் வண்டியில் போய், சிப்பிப்பொத்தான் தூள் படிந்த அவருடைய பட்டறையில் அவரை மடக்கி, 'உறையில் துணித்துண்டு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் அவளை ஆற்றில் தேடினேன். அவள் தன் பெயரைத் தேடிப் போயிருந்தாள்.

"அந்தக் கடுதாசி வேண்டாம், ரேமொந்த்," என்றேன். நடந்ததையெல்லாம் அந்தப் படியிலேயே சொன்னேன். இரண்டு மணி நேரம் மறைத்ததையும் சொன்னேன். அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அது நல்லதென்று அப்போது தோன்றியது, இப்போது தோன்றவில்லை.

"எனக்கு நேத்தே சந்தேகம், மதாம்," என்றாள் கடைசியில்.

"ஏன் சொல்லலை, பொண்ணே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை; நான் கேட்கவுமில்லை.

கூடத்தில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். மிசியே கீழே இறங்கி வந்திருந்தார். அங்கி என் மேசைமீது திறந்து கிடந்தது. தாளை எடுக்க முன்மடிப்பின் தையலைப் பிரிக்கவேண்டும். சாட்டின் ஒருமுறை பட்ட ஊசியின் துளையை ஒருபோதும் மறப்பதில்லை. பிரித்தால் அங்கியே பாழ்.

"கசங்கலை மட்டும் நீவி விடு," என்றார் மிசியே ரேமொந்திடம். "அது உள்ளயே இருக்கட்டும். வேற எங்க போகும் அது?" பின்பு, என்னைப் பார்க்காமல், "மூடித் தைக்கிறது நீதான்," என்றார்.

அவள் கைகழுவி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். தானே ஊசியில் நூல் கோத்தாள். ஒரு நொடி தயங்கி, இரண்டாவது ஊசியிலும் கோத்து, என் ஊசித்திண்டில் குத்தி வைத்தாள். பழக்கத்தில் செய்தாளா, பரிவில் செய்தாளா என்று நான் கேட்கவில்லை. அந்த ஊசியை நான் எடுக்கவுமில்லை.

அவள் விரல்களினடியில் அந்த முகமில்லாப் பெண் மெல்ல மெல்ல மறைந்தாள். முதலில் பாவாடைக் கோடு, பிறகு இடை, கடைசியில் தோள். முகமே இல்லாதவளை ஏன் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. மங்கலாகத்தான் தெரிந்தாள், ஆயினும் பார்த்தேன்.

பெண்கள் விளக்குகளை ஏற்றத் தொடங்கினார்கள். நான் முக்காலியின்மீது ஏறி, அலமாரி உச்சியிலிருந்த கத்தரீனம்மாளின் சிலைமேல் படிந்த தூசியை என் ஏப்ரன் நுனியால் துடைத்தேன். சென்ற நவம்பரில் கட்டிய பச்சை மஞ்சள் நாடா இன்னும் அவள் கழுத்தில் இருந்தது. அதை நிமிர்த்திக் கட்டினேன். நடுவிரலின் விரல்பூணைக் கழற்றினேன். விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது, நெடுநாள் கட்டிலிருந்து விடுபட்ட ஒன்றைப்போல. விரல்பூணை அவள் பாதத்தில் வைத்தேன். மெழுகுவர்த்தி இல்லை, சாய்ந்த விளக்கைக் கொஞ்சம் அவள்பக்கம் திருப்பினேன். பின்பு இறங்கி, தைத்துக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னே, அவள் அறியாதபடி, காற்றில் சிலுவை வரைந்தேன்.

மகளே, உன் பெயர்மேல் நான் வீழ்த்திய நிழலை இறைவன் தம் கையால் துடைப்பாராக. நீ கோக்கும் நூல் உன் முதுமைவரை உன் கண்ணுக்குத் தெரிவதாக. ஆற்றைக் கடந்து நீ வீடு சேரும் ஒவ்வொரு மாலையிலும் உனக்காக ஒரு விளக்கு எரிவதாக.